பாத்தீனியம் எங்கே முளைத்தாலும்: குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு என்ன செய்கிறார்கள்?

பெரியப்பாவின் சீ.ரி. ஸ்கான் முடிவு காலையில் கைக்கு வந்தது. மத்தியானத்துக்குள் செய்தி லண்டனுக்குப் போய்விட்டது. இரவு அது ரொறன்ரோ வழியாக யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனுக்குத் திரும்பி வந்தபோது, "அவருக்கு இரண்டு கான்சராம். குடலில் ஒன்று, ஈரலில் ஒன்று" என்று ஆகியிருந்தது. பெரியம்மா அன்று இரவு அடுப்பு மூட்டவில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். வைத்தியன் அல்லன். ஆனால் அந்த வீட்டில் ஸ்கான் கடிதத்தை வாசித்து விளக்க வேறு ஆள் இருக்கவில்லை. அடுத்து வந்த ஒன்றரை ஆண்டில் கிளினிக் வாங்குகளில் இருந்தபடி கேட்டதும், படித்ததும், வைத்தியர்கள் கடிதாசித் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டியதும் சேர்ந்து எனக்கு ஓரளவு தெளிவு வந்தது. இதே கடிதத்தோடு இன்னொரு வீட்டில் யாராவது விழித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் அதை எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த "இரண்டு கான்சர்" கதை. அது பிழை. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய்க் கலங்கள் ஈரலுக்குப் போய் அங்கே கட்டியாக வளர்ந்தால், அது ஈரல் புற்றுநோய் ஆகிவிடாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தக் கட்டியில் இருப்பவை குடற்கலங்களின் சாயலுள்ள கலங்கள்தான். இதைப் பெரியப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, ஐம்பது வருடம் வெங்காயம் செய்த அவரே முடித்துவைத்தார்: "வெங்காயப் பாத்திக்குள் முளைத்ததற்காகப் பாத்தீனியம் வெங்காயம் ஆகிவிடுமா, தம்பி?" ஆகாது. இந்திய அமைதிப்படை வந்த காலத்துக்குப் பிறகு எங்கள் தோட்டங்களையும் வேலியோரங்களையும் பிடித்துக்கொண்ட அந்தக் களை, எந்தப் பாத்தியில் முளைத்தாலும் பாத்தீனியம்தான்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. மருந்து தெரிவுசெய்யப்படுவது களையைப் பார்த்துத்தான், அது முளைத்த பாத்தியைப் பார்த்து அல்ல. ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி, சி வைரசுகளாலோ மதுவாலோ நெடுங்காலம் கெட்டுப்போன ஈரலில் வருவது. அதன் மருந்துகள் வேறு, போக்கு வேறு. இணையத்தில் "ஈரல் புற்றுநோய்" என்று தேடி வாசித்துவிட்டு அழுதுகொண்டிருந்த என் மச்சாளிடம், நீ வாசித்தது வேறொருவருடைய வருத்தம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சரி, ஏன் ஈரலுக்கே போகிறது? மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வயல்வெளித் தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, பிறகுதான் அராலிப் பக்கம் கடல்நீரேரிக்கு வருகிறது. குடலின் குருதியும் அப்படித்தான். நேரே இதயத்துக்குப் போகாமல், ஈரல் வாயினாளம் என்ற பெரிய நாளத்தில் சேர்ந்து முதலில் ஈரலுக்குள் இறங்குகிறது. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சியதை ஈரல் ஒருமுறை பார்த்து, பிரித்து, நஞ்சு அகற்றி அனுப்ப வேண்டுமல்லவா. அதற்கான ஏற்பாடு அது. ஈரலுக்கு வரும் குருதியில் ஏறக்குறைய முக்காற்பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. வெள்ளத்தோடு போகும் விதை முதற் குளத்தில் தங்குவதுபோல, குடற்கட்டியிலிருந்து கழன்ற கலங்கள் ஈரலில் தங்கிவிடுகின்றன. நேர்குடலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஈரலைத் தொடாத ஒரு வடிகால் பாதையும் உண்டு. அதனால் அங்கே தொடங்கும் கட்டி சில வேளை ஈரலை விட்டு முதலில் நுரையீரலுக்குப் போகும்.

பெருங்குடல் அல்லது நேர்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே ஐந்தில் ஒருவருக்கு அளவில் ஈரலில் கட்டி இருக்கிறது. வேறு பலருக்குக் குடலை வெட்டிச் சுகமாகி ஓரிரு வருடம் கழித்துத் தெரியவருகிறது.

கடிதத்தில் "நான்காம் நிலை" என்று போட்டிருந்தது. புற்றுநோய் வேறோர் உறுப்புக்குப் பரவியிருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள். பெரும்பாலான புற்றுநோய்களில், அந்த நிலைக்கு வந்த பிறகு கத்தி வைப்பதால் பயனில்லை என்பதுதான் பொதுவிதி. எங்கள் ஊரிலும் அது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனால்தான் படலையடியில் வந்து நின்றவர்களின் முகம் அப்படி இருந்தது. ஆனால் குடலிலிருந்து ஈரலுக்கு மட்டும் பரவியது அந்த விதிக்கு வெளியே நிற்கும் ஒன்று. ஈரற் கட்டிகளை முழுமையாக வெட்டி எடுக்க முடிந்தவர்களில் பத்துப் பேருக்கு நான்கு பேர் அளவில் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோயில்லாமல் இருக்கிறார், அதாவது சுகமாகிவிட்டார். எல்லோருக்கும் வெட்ட முடியாது என்பதும் உண்மை. தொடக்கத்திலேயே வெட்டக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். மீதிப்பேரில் சிலரை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குத்தான் இன்றைய வைத்தியத்தின் பெரும்பாடு.

இதற்கு வழிவிட்டுக் கொடுப்பது ஈரலின் குணம். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஒன்றரைக் கிலோ அளவு. வெளியே பார்க்க ஒரே திரளாகத் தெரிந்தாலும், உள்ளே அது எட்டுத் துண்டங்களாகப் பிரிந்திருக்கிறது என்று பிரான்சைச் சேர்ந்த குய்னோ என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1950களில் வரையறுத்தார். ஒவ்வொரு துண்டத்துக்கும் குருதி வர ஒரு கிளை, போக ஒரு கிளை, பித்தம் வடிய ஒரு குழாய் என்று தனி ஏற்பாடு உண்டு. அதனால் ஒரு துண்டத்தையோ மூன்று நான்கையோ எடுத்துவிட்டு மற்றவற்றை இயங்க விடலாம். இன்றும் வைத்தியர்கள் "ஐந்தாவதிலும் எட்டாவதிலும் இருக்கிறது" என்று பேசிக்கொள்வது அந்த இலக்கங்களைத்தான். எங்கள் வைத்தியர் பெரியப்பாவுக்கு அதைக் கீறி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, கட்டி இருந்த மூன்று இடங்களில் புள்ளி வைத்துக் கொடுத்தார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "காணி அளந்து பிரித்ததுபோல இருக்கிறது" என்றார்.

அதோடு ஈரல் வளரும். இதைச் சொன்னதும் பலர் முருங்கையை நினைத்துக்கொள்கிறார்கள், வெட்டிய இடத்தில் துளிர்க்கும் என்று. அப்படி இல்லை. வெட்டிய பகுதி திரும்ப முளைக்காது. மிஞ்சிய பகுதி பெருத்து, போனதன் வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். முதற் சில வாரங்களிலேயே பெரும்பகுதி வளர்ச்சி நடந்துவிடுகிறது.

ஆகவே ஈரற் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்கும் கேள்வி நாம் நினைக்கும் கேள்வி அல்ல. கட்டி எத்தனை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் எடுத்த பிறகு எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். ஆரோக்கியமான ஈரலென்றால் நாலில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல் மிஞ்சினால் போதும். புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மருந்தான கீமோவை நெடுநாள் எடுத்த ஈரலென்றாலோ கொழுப்புப் படிந்த ஈரலென்றாலோ அதைவிடக் கூட வேண்டும். மிஞ்சும் பகுதிக்கு நல்ல குருதி ஓட்டமும் பித்தம் வடிய வழியும் இருக்க வேண்டும். பத்துக் கட்டிகள் ஒரே பக்கத்தில் இருப்பவருக்கு வெட்டலாம்; இரண்டே கட்டிகள் முக்கிய நாளங்கள் எல்லாவற்றையும் அணைத்தபடி இருப்பவருக்கு முடியாமலும் போகலாம். "மூன்றுதானே இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லும் உறவினரும், "ஏழு கட்டியாம்" என்று வாயில் கை வைக்கும் உறவினரும் இருவருமே தவறான கணக்கைப் பார்க்கிறார்கள்.

மிஞ்சுவது போதாது என்றால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. ஜப்பானில் மக்குச்சி என்ற நிபுணரும் அவரது குழுவினரும் 1980களில் வளர்த்தெடுத்தது அது. எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் வாயினாளக் கிளையை, தோல் வழியாக விட்ட மெல்லிய குழாயால் முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் சுருங்கத் தொடங்கும். குருதி எல்லாம் மற்றப் பக்கத்துக்குத் திரும்ப, அது பெருக்கும். ஒரு வாய்க்காலை மண்போட்டு மறித்து மற்றப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதுபோல. நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் திரும்ப ஸ்கான் செய்து, வளர்ந்தது போதுமென்றால் வெட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் கட்டி இருப்பவருக்கு, முதலில் ஒரு பக்கத்தைத் துப்புரவாக்கி, ஈரல் வளர விட்டு, பிறகு மற்றப் பக்கத்தை எடுப்பதும் உண்டு. தன் உறுப்பின் குணத்தைக்கொண்டே அதைக் காப்பாற்றும் இந்த வித்தையை வகுப்பில் சொன்னபோது, பின்வாங்கில் நித்திரை கொள்கிறவன்கூட நிமிர்ந்தான்.

இனி கீமோ. இந்த வருத்தத்துக்கான மருந்துகளின் மூத்த ஆள் புளோரோயுராசில். 1957இல் வந்தது, இன்றும் அதுதான் அடித்தளம். அதோடு ஒக்சாலிபிளாட்டின் அல்லது இரினோட்டிக்கான் சேர்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். புளோரோயுராசிலின் குளிசை வடிவமான கப்பசிற்றபினும் உண்டு; அதில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரியலாம். இரினோட்டிக்கானில் வயிற்றோட்டம் கடுமையாக வரலாம். அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். கீமோ எடுக்கும் எவருக்கும் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்பது இந்த இடத்தில் ஆபத்து.

ஒக்சாலிபிளாட்டினுக்கு ஒரு விசித்திரமான குணம்: குளிர் ஆகாது. மருந்தேறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனி மின்சாரம் பட்டதுபோல விறைக்கும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகுவதுபோலத் தோன்றும். பங்குனி வெயிலில் தெல்லிப்பளை வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது, பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று நல்லூரடி ஐஸ்கிரீம் கடைக்குச் சுற்றிப் போய் வாகனத்தை நிறுத்தினோம். பெரியப்பா தனக்கு வேண்டாம் என்றுவிட்டு, சின்னவனின் கிண்ணத்தை மேசையில் நகர்த்தி வைக்கக் கை நீட்டினார். கிண்ணம் அப்படியே கீழே விழுந்தது. "முள் குத்தியது" என்றார். பேரன் மேசைக்குக் கீழே குனிந்து முள்ளைத் தேடினான். மருந்து பல முறை ஏறிய பிறகு இந்த விறைப்பு மாதக்கணக்கில் தங்கிவிடக்கூடும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, வெங்காயத் தாளை உணர முடியவில்லை என்றால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்; மருந்தின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். எங்கள் ஆட்கள் இதைச் சொல்வதில்லை. "சொன்னால் மருந்தை வெட்டிவிடுவார்கள்" என்று பயம்.

ஈரலுக்கு மட்டும் பரவியவரிடத்தில் கீமோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு: வெட்ட முடியாததை வெட்டக்கூடியதாகச் சுருக்குவது. இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, சுருங்கியிருந்தால் நிறுத்தி, நான்கு வாரமளவு இடைவெளி விட்டுச் சத்திரசிகிச்சை செய்வார்கள். நன்றாக வேலை செய்கிறதே, இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கேட்பது இயல்பு. நாங்களும் கேட்டோம். இரண்டு காரணங்களால் வைத்தியர் மறுத்தார். ஒன்று, மருந்துகளே ஈரலைக் காயப்படுத்துகின்றன: ஒக்சாலிபிளாட்டின் ஈரலின் நுண்ணிய குருதிக் குழாய்களைக் கெடுத்து அதை நீலம் பாரிக்கச் செய்யும்; இரினோட்டிக்கான் கொழுப்பும் அழற்சியும் ஏற வைக்கும். அப்படிப்பட்ட ஈரல் வெட்டைத் தாங்காது.

மற்றக் காரணம் கேட்க வேடிக்கையாக இருக்கும். கட்டி ஸ்கானில் மறைந்துவிடலாம். வீட்டில் அதைக் கேட்டால் தேங்காய் உடைப்பார்கள்; சத்திரசிகிச்சை நிபுணரோ முகத்தைச் சுழிப்பார். ஏனென்றால் படத்தில் மறைந்த கட்டி பல வேளைகளில் ஈரலில் மறைவதில்லை; கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் அதே இடத்தில் இருக்கும், பிறகு வளரும். எந்த இடத்தை வெட்டுவது என்பதுதான் தெரியாமற் போகிறது. நிலத்துக்கு மேலே கருகிய பாத்தீனியத்தைப் பார்த்துப் பாத்தி துப்புரவு என்று நினைப்பவர் வெங்காயம் செய்தவராக இருக்க முடியாது. அதனால் சுருங்க வேண்டும், ஆனால் மறையக் கூடாது. அந்த இடைவெளிக்குள் நாள் குறிக்க வேண்டும். கீமோ தொடங்குவதற்கு முன்பே ஈரல் நிபுணர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். புற்றுநோய் நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர், ஸ்கான் பார்ப்பவர் எல்லோரும் ஒரு மேசையில் கூடிப் பேசும் கூட்டம் பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. "அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆளைப் பற்றிப் பேசினீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கட்டியின் ஒரு துண்டை எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையையும் கேட்டு வைத்திருங்கள். ராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் செட்டுக்சிமாப் என்ற விலை கூடிய மருந்து வேலை செய்யாது; சோதிக்காமல் வாங்குவது காசைக் கடலில் போடுவது. கட்டிக்குப் புதிய குருதிக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாப் வேறு வகை. இந்த நோயாளிகளில் நூற்றுக்கு நான்கைந்து பேரின் கட்டியில், மரபணுப் பிழைகளைத் திருத்தும் பொறிமுறை பழுதாகியிருக்கும். அவர்களுக்குக் கீமோவைவிட, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியான நிர்ப்பீடனத்தைத் தட்டியெழுப்பும் பெம்புரோலிசுமாப் நன்றாகப் பிடிக்கிறது. 2020இலிருந்து அமெரிக்காவில் அது இவர்களுக்கு முதல் மருந்தாகவே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் எது அரச வைத்தியசாலையில் கிடைக்கும், எதை வெளியே வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். காணியை ஈடு வைத்த பிறகு கேட்கும் கேள்வி அல்ல அது.

மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டியென்றால், வெட்டாமலே ஊசி போன்ற ஒரு கம்பியை உள்ளே செலுத்தி, மைக்ரோவேவ் சூட்டால் பொசுக்கிவிடலாம். சிறிய கட்டிகளுக்கு இது வெட்டுக்குக் குறைந்ததல்ல என்று அண்மைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருசிலவற்றை வெட்டி, ஆழத்தில் உள்ளதைப் பொசுக்குவதும் வழக்கம். துல்லியமான கதிர் சிகிச்சையும் உண்டு. இன்னொரு வழி, இதயப் பக்கமிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் ஈரல் நாடி வழியாக மருந்தையோ கதிர்வீச்சு மணிகளையோ அனுப்புவது: நல்ல ஈரற்கலங்கள் வாயினாளக் குருதியில் பெரும்பாலும் வாழ, கட்டிகள் நாடிக் குருதியை உறிஞ்சுகின்றன என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட உபாயம் அது. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைகூட, மிகவும் தெரிந்தெடுத்த சிலருக்கு, நோர்வேயிலும் பிரான்சிலும் நல்ல பலன் தந்திருக்கிறது. இங்கே உடனே எதிர்பார்க்கக்கூடிய ஒன்றாக அதை நான் சொல்லமாட்டேன்.

குடல் முதலா ஈரல் முதலா என்பது ஆளுக்கு ஆள் மாறும். குடல் அடைபட்டால் குடல்தான் முதல். அடைபடாமல், ஈரலின் நிலைதான் ஆபத்தென்றால் ஈரலை முதலில் செய்வார்கள். இரண்டும் சிறியதென்றால் ஒரே நாளில் முடிப்பார்கள். "குடலில் இருக்கும் வேரை விட்டுவிட்டு ஈரலை ஏன் வெட்டினார்கள்?" என்று பெரியம்மா என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

பெரியப்பாவுக்குக் கீமோ தெல்லிப்பளையில். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழருமாக நடந்து நிதி சேர்த்துக் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அது. அதற்கு முன்னர் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமைக்குப் போய்க் கிடக்க வேண்டும். ஈரல் வெட்டுக்குக் கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், மடியில் தலையணை. வெட்டிய ஏழாம் நாள் நடந்தார்.

வெட்டினாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்காவது திரும்ப வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்ப ஈரலிலேயே வந்தால், திரும்ப வெட்டவோ பொசுக்கவோ முடிந்தால் அதையும் செய்கிறார்கள். ஈரல் வளர்ந்திருப்பதால் அதற்கு இடமிருக்கிறது. இதற்காகத்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கானும், குடற்கட்டி குருதியில் விடும் ஒரு புரதத்தை அளக்கும் சீ.ஈ.ஏ. என்ற குருதிச் சோதனையும். சீ.ஈ.ஏ. புகைப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு முறை ஏறியதை வைத்துப் பயப்படாமல் போக்கைப் பார்க்க வேண்டும். எடுக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் கீமோவால் பல மாதங்கள், பலருக்கு இரண்டு வருடத்துக்கு மேலும், ஓரளவு நன்றாக வாழ முடிகிறது. அங்கே வலி, பசி, நித்திரை ஆகியவற்றைப் பார்க்கும் வைத்தியத்தைக் கடைசிக்கு ஒத்திவைக்கக் கூடாது.

நாட்டு மருந்து பற்றி ஒரு வரி. கீழ்க்காய்நெல்லியும் வேறு பலவும் வீடு தேடி வந்தன, அன்போடுதான். கீமோ மருந்துகள் பலவற்றை உடைப்பதும் அதே ஈரல்தான் என்பதால், வைத்தியரிடம் காட்டாமல் எதையும் கொடுக்க நான் விடவில்லை. இரண்டு மாமிமார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மலத்தில் குருதி போனதை மூலவியாதி என்று ஒரு வருடம் சமாளித்ததைப் பெரியப்பா இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார்.

நீங்கள் கிளினிக்குக்குப் போகும்போது முதற் ஸ்கானின் சீ.டியையும் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடாதீர்கள். கீமோவில் கட்டி மறைந்துவிட்டால், அது எங்கே இருந்தது என்று காட்ட அந்த ஒன்றுதான் மிஞ்சும். பெரியப்பா தன்னுடையதைக் காணி உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். வைத்தியர் கீறிக் கொடுத்த எட்டுத் துண்டப் படமும் அதற்குள்தான்; வெட்டி எடுத்த துண்டங்களைத் தன் கையால் பேனாவால் அடித்துவிட்டிருக்கிறார்.